திருச்சிராப்பள்ளியின் ஆடி மாதக் காலநிலை

திருச்சிராப்பள்ளியின் ஆடி மாதக் காலநிலை என்பது, தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி மாநகரிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுத்தீவான திருவரங்கத்திலும் (ஸ்ரீரங்கம்) ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நிலவும் வானிலையைக் குறிக்கும். வெப்பம், வறண்ட மேலைக்காற்று, குறைந்த மழை ஆகியவை இம்மாதத்தின் இயல்புகள். ஆயினும் காவிரி நிரம்பி ஓடும் மாதமாகவும், ஆடிப்பெருக்கு கொண்டாடப்படும் மாதமாகவும் அறியப்படுவது இதுவே. ஊரில் மழை இல்லை. ஆற்றில் வெள்ளம் உண்டு. இம்முரண்பாட்டுக்கு விளக்கம் திருச்சிராப்பள்ளியின் வானத்தில் இல்லை. ஏறத்தாழ 370 கி.மீ. வடமேற்கேயுள்ள குடகு மலையிலும், மேற்கே இதே குறுக்குக்கோட்டில் அமைந்த பாலக்காட்டுக் கணவாயிலும் உள்ளது.

மாதமும் ஞாயிறும்

தமிழ் நாட்காட்டியின் நான்காம் மாதமான ஆடி, ஞாயிறு கடக இராசியில் நிற்கும் காலம். பெரும்பாலும் ஜூலை 16 அல்லது 17இல் பிறந்து ஆகஸ்ட் 16 அளவில் முடியும். ஜூலைத் தொடக்கத்தில் பூமி ஞாயிற்றிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் அதன் ஓட்டம் மெதுவாக அமைகிறது. ஆகவே இம்மாதம் 31 அல்லது 32 நாட்கள் கொண்டதாக நீள்கிறது; மார்கழி 29 அல்லது 30 நாட்களில் முடிந்துவிடுவதை இதனோடு ஒப்பிடலாம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆங்கில மாதங்களின்படியே புள்ளிவிவரங்களைத் தொகுக்கிறது. ஆதலால் ஆடிக்கெனத் தனிப் பட்டியல் கிடையாது. ஜூலையின் பிற்பாதியையும் ஆகஸ்டின் முற்பாதியையும் சேர்த்தே படிக்க வேண்டும். இக்கட்டுரையில் தரப்படும் அளவுகளும் அவ்வகையில் அமைந்தவையே.

திருச்சிராப்பள்ளி வடக்குக் குறுக்குக்கோடு 10.8 பாகையில் உள்ளது. ஆடி முழுவதும் ஞாயிறு அதற்கு வடக்கே நிற்கிறது. மாதத் தொடக்கத்தில் 21 பாகை அளவிலும், முடிவில் 14 பாகை அளவிலும் இருக்கும். எனவே இம்மாதத்தின் நண்பகலில் நிழல் தெற்கு நோக்கி விழும். ஆண்டின் பெரும்பகுதியில் நிழல் வடக்கே விழக் கண்டு பழகியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஒரு குச்சியை நட்டு வைத்து மாணவர்களே இதைச் சோதித்துப் பார்க்க முடியும். ஆவணி மாதத்தில், ஆகஸ்ட் 24–25 வாக்கில், ஞாயிறு ஊருக்கு நேர் உச்சியில் வந்து பின் தெற்கே நகர்கிறது. பகற்பொழுது ஆடியில் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் நீடிக்கும்.

வெப்பநிலையும் ஈரப்பதமும்

திருச்சிராப்பள்ளி தமிழ்நாட்டின் வெப்பம் மிகுந்த நகரங்களுள் ஒன்று. இங்குப் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 43.9 °செ ஆகும் (1896 மே 2). கத்திரி வெயில் முடிந்த பின்னும் வெப்பம் உடனே தணிவதில்லை. ஜூலையின் சராசரி உயர் வெப்பநிலை 36 °செ அளவிலும், சராசரி தாழ் வெப்பநிலை 26 °செ அளவிலும் உள்ளது. மே மாதத்தோடு ஒப்பிட்டால் பகல் வெப்பம் இரண்டு, மூன்று பாகையே குறைகிறது. இதே ஜூலையில் மும்பையும் மங்களூரும் 30 °செ-ஐ ஒட்டியும், குடகின் தலைநகரான மடிக்கேரி 20 °செ-ஐ ஒட்டியும் இருக்கும்.

தென்மேற்குப் பருவமழைக் காலம் என்றதும் இந்தியா முழுவதும் நனைந்து குளிர்ந்திருக்கும் என்ற எண்ணம் பாடநூல்களால் ஏற்படுவதுண்டு. திருச்சிராப்பள்ளிக்கு அது பொருந்தாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறும் காற்று, தன் ஈரத்தை மேலைச் சரிவிலேயே மழையாகப் பொழிந்துவிடுகிறது. கிழக்குச் சரிவில் இறங்கும்போது அது அமுக்கப்பட்டு வெப்பமடைகிறது. வெப்பமடைந்த காற்றில் ஒப்பு ஈரப்பதம் குறைகிறது. இதனால்தான் ஆடியில் பிற்பகல் ஈரப்பதம் பல நாட்களில் 50 விழுக்காட்டுக்கும் கீழே செல்கிறது. வியர்வை விரைவில் உலர்வதால், கடலோரச் சென்னையின் புழுக்கம் இங்கு இல்லை. ஆனால் அதே காரணத்தால் ஏரி, குளங்களில் எஞ்சிய நீரும் விரைவில் ஆவியாகிறது.

காற்று

ஆடியைத் திருச்சிராப்பள்ளி மக்கள் அடையாளம் காண்பது முதலில் காற்றைக் கொண்டே ஆகும். 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது பழமொழி. இதில் வரும் அம்மி என்பது 'அம்மை' நோயின் திரிபு என்றும், ஆடிக்காற்றுடன் அம்மை நோய் நீங்கும் என்பதே பொருள் என்றும் சிலர் விளக்குவர். காற்றின் வேகத்தை உயர்வு நவிற்சியாகக் கூறியது என்று கொள்வதே எளிது.

காற்று மிகுதிக்கு நில அமைப்பே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ தொடர்ச்சியான சுவராக நின்று பருவக்காற்றைத் தடுக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, பாலக்காட்டுக்கு அருகில், 30 முதல் 40 கி.மீ. அகலமுள்ள ஒரு திறப்பு இருக்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். இதன் வழியாக நுழையும் காற்று, குறுகிய வாயிலில் புகும் நீரைப் போல விரைவு பெறுகிறது. பாலக்காடும் திருச்சிராப்பள்ளியும் ஏறத்தாழ ஒரே குறுக்குக்கோட்டில் (10.8 பாகை) அமைந்துள்ளன. நடுவே பெரிய மலை எதுவும் இல்லை. கோயம்புத்தூர், பல்லடம், கரூர் சமவெளிகளைக் கடந்து, இருநூறு கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தொலைவில் காற்று நேரே இந்நகரை அடைகிறது. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் காற்றாலைகள் நிறைந்திருப்பதும் இதே காற்றினால்தான்.

அரபிக்கடலுக்கு மேலே, தரையிலிருந்து ஒன்றரை கி.மீ. உயரத்தில், பருவமழைக் காலத்தில் ஒரு விரைவுக் காற்றோட்டம் அமைகிறது. ஆப்பிரிக்கக் கரையையொட்டி எழுந்து தென்னிந்தியாவை நோக்கி வரும் இதனை ஃபின்ட்லேட்டர் என்ற வானிலையியலாளர் 1960களில் விரிவாக ஆராய்ந்தார். வெயில் ஏறி, தரையருகே காற்று மேலும் கீழும் கலக்கத் தொடங்கும்போது, இந்த உயர்மட்டக் காற்றின் வேகம் தரைக்கு இறங்குகிறது. காலை ஏழு மணிக்கு அமைதியாக இருக்கும் ஊரில் பத்து மணிக்குமேல் கதவுகள் அறைந்து சாத்தப்படுவதும், மாலை மங்கியதும் காற்று ஓரளவு அடங்குவதும் இதனாலேயே. பிற்பகலில் மணிக்கு 40 கி.மீ.க்கு மேற்பட்ட வீச்சுகள் அரியன அல்ல.

திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு–மேற்காக அமைந்துள்ளது. விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதால், ஆடியில் அவை மேற்கு நோக்கி இறங்குவதும், ஐப்பசி, கார்த்திகையில் கீழைக்காற்று திரும்பியபின் கிழக்கு நோக்கி இறங்குவதும் வழக்கம். நகரின் கிழக்குப் பகுதியில் வசிப்போர் விமானம் வரும் திசையைக் கொண்டே பருவத்தை அறியலாம்.

ஆற்றில் நீர் வராத ஆடியில் இக்காற்று வேறு முகம் காட்டும். காவிரி, கொள்ளிடம் இரண்டின் மணற்பரப்பும் வெறுமையாய்க் கிடக்கும்போது, மணல் எழுந்து திருவரங்கத்தின் தெருக்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் படியும்.

மழை

திருச்சிராப்பள்ளியின் ஆண்டு மழை 800 முதல் 900 மி.மீ. வரை. இதில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஜூலையின் சராசரி 50 மி.மீ. அளவே. ஆகஸ்டில் அதைவிடச் சற்று கூடும். செப்டம்பரில் மேலும் உயர்ந்து அக்டோபரில் உச்சத்தை எட்டும்.

ஆடியில் பெய்யும் மழை அடைமழை அன்று. பகலில் சூடேறிய நிலத்தின் மேல் மாலையிலோ முன்னிரவிலோ எழும் இடிமழையே பெரும்பாலும் பெய்கிறது. ஒரு பகுதியில் கொட்டும், இரண்டு கி.மீ. தள்ளித் தூறல்கூட இராது. இதனால் மாதச் சராசரி என்னும் எண் ஆடியைப் பொறுத்தவரை அதிகம் நம்பத்தக்கதன்று. ஒரே இரவில் மாதத்தின் முழு மழையும் பெய்துவிடும் ஆண்டுகளும், சில தூறல்களோடு மாதம் கழியும் ஆண்டுகளும் உண்டு.

இம்மழைக்கும் மேற்கே பெய்யும் பருவமழைக்கும் ஒருவகை எதிர்ப்பொருத்தம் உள்ளது. பருவக்காற்று வலுவாக வீசும் நாட்களில் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டும். அப்போது திருச்சிராப்பள்ளியில் வறண்ட மேலைக்காற்று வேகமாக வீசும். வங்கக் கடலிலிருந்து வரும் கடற்காற்று உள்நாட்டுக்குள் நுழைய இடம் பெறாது. பருவக்காற்று தளர்ந்து, மழைத்தாழ்வுப் பகுதி இமயமலை அடிவாரத்துக்கு நகரும் நாட்களைப் 'பருவமழை இடைவெளி' என்பர். நடு இந்தியாவும் மேலைக் கரையும் ஓய்ந்திருக்கும் அந்நாட்களில்தான் தமிழ்நாட்டின் உட்பகுதிகளில் இடிமழை பெருகுகிறது. சுருங்கக் கூறின், திருச்சிராப்பள்ளியில் மழை பெய்யும் ஆடி நாட்கள் காவிரியின் நீர்வரத்து மேலே குறையும் நாட்களாகவும், வானம் தெளிந்து காற்று இரையும் நாட்கள் ஆற்றுக்கு நீர் சேரும் நாட்களாகவும் அமைவது வழக்கம்.

ஆற்றுநீரின் பிறப்பிடம்

மடிக்கேரியின் ஜூலை மாதச் சராசரி மழை ஏறத்தாழ 1,000 மி.மீ. ஆகும். அதாவது திருச்சிராப்பள்ளி ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையைவிடக் கூடுதலானதை அவ்வூர் ஒரே மாதத்தில் பெறுகிறது. தலைக்காவிரியை அடுத்த பாகமண்டலத்தில் மழை இன்னும் மிகுதி. குடகில் பெய்வது காவிரியிலும் ஆரங்கியிலும் சேர்ந்து கிருட்டிணராச சாகர் அணைக்கு (49.45 ஆயிரம் மில்லியன் கன அடி) வருகிறது, ஏமாவதியும் அங்கே சேர்கிறது. வயநாட்டில் பெய்வது கபினி அணையை (19.52 ஆயிரம் மில்லியன் கன அடி) அடைகிறது. கபினி சிறிய அணையாதலால் விரைவில் நிரம்பும். ஆடி மாதத்தின் முதல் வெள்ளம் பல ஆண்டுகளில் கபினியிலிருந்தே வருகிறது.

இவ்வணைகளைத் தாண்டிய நீர், தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலு என்னுமிடத்தில் நடுவண் நீர் ஆணையத்தால் அளக்கப்பட்டு, ஒகேனக்கல் வழியாக மேட்டூர் அணையை அடைகிறது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்குரிய ஆண்டு அளவு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி ஆகும். இதில் ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 எனப் பிரிக்கப்பட்டுள்ளது. இவ்விரு மாதங்களின் பங்கு மட்டும் மொத்தத்தில் 43 விழுக்காட்டுக்கு மேல். ஆடியின் காலநிலை ஒரு வழக்கின் மையப்பொருளாகவும் இருப்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்னும் அளவு செய்திகளில் அடிக்கடி இடம்பெறும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். அவ்வகையில் ஒரு லட்சம் கன அடி ஓட்டம் என்பது வினாடிக்கு 28 லட்சம் லிட்டருக்கும் மேல். திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் பரப்பு 167 சதுர கி.மீ. அப்பரப்பு முழுவதிலும் ஜூலையில் பெய்யும் 50 மி.மீ. மழையை ஒரு துளியும் விடாமல் திரட்டினாலும், அது இத்தகைய ஆற்றுக்கு ஒரு மணி நேர ஓட்டத்துக்கும் போதாது.

மேட்டூரிலிருந்து திருவரங்கம் வரை

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. இதன் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது மரபு. வறண்ட மணலில் ஊறியும் பரவியும் வரும் முதல் நீர் திருச்சிராப்பள்ளியை அடைய இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம்.

நகருக்கு மேற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவிலுள்ள முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை அகலமானது, தாழ்வானதும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் மிகுதியாகக் கொள்ளிடத்திலேயே சென்றது; காவிரி மணல்மேடிட்டுத் தஞ்சைப் பகுதியின் பாசனம் நலிந்தது. இதைச் சரிசெய்ய ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டி முடித்தார். அதன்பின் பாசன நீர் காவிரியிலும், மிகை நீர் கொள்ளிடத்திலும் செலுத்தப்படுகிறது.

இந்த ஏற்பாட்டால் திருவரங்கத் தீவில் ஆடியில் காணப்படும் காட்சி தனித்தன்மை வாய்ந்தது. இயல்பான ஆண்டில் தீவின் தெற்கே அம்மா மண்டபத்தில் காவிரி படிகளைத் தொட்டு ஓடும். வடக்கே அரை மணி நேரம் நடந்தால் கொள்ளிடம் நீரற்ற மணல்வெளியாகக் கிடக்கும். வெள்ள ஆண்டில் நிலைமை மாறிவிடும். காவிரியில் ஓட்டம் கட்டுப்படுத்தப்பட்டு, அதனினும் பன்மடங்கு நீர் கொள்ளிடத்தில் கரைபுரளும். ஆகவே அம்மா மண்டபத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பவர் வெள்ளத்தின் உண்மை அளவை அறிய முடியாது. கொள்ளிடப் பாலத்துக்குச் சென்று பார்க்க வேண்டும்.

நகரின் குடிநீரும் இதனோடு தொடர்புடையது. கம்பரசம்பேட்டை முதலிய இடங்களில் ஆற்று மணலுக்குள் அமைந்த நீர்சேகரிப்புக் கிணறுகளே மாநகருக்குக் குடிநீர் தருகின்றன. ஆடியின் ஓட்டம் மணற்படுகையை நிரப்பினால்தான் அடுத்த கோடையில் அக்கிணறுகள் சுரக்கும்.

ஆடிப்பெருக்கு

ஆடி 18ஆம் நாள் (ஆகஸ்ட் 2 அல்லது 3) காவிரிக் கரையெங்கும் பதினெட்டாம் பெருக்கு கொண்டாடப்படுகிறது. மலைமண் கலந்து செந்நிறமாக வரும் புதுப்புனலை மக்கள் வழிபடுகின்றனர். அம்மா மண்டபம், ஓடத்துறை, தில்லைநாயகம் படித்துறை முதலிய துறைகளில் பெண்கள் காதோலை, கருகமணி, மஞ்சள், பழம் வைத்துப் படைத்து, முளைப்பாலிகையை ஆற்றில் விடுவர். புதுமணப் பெண்கள் தாலிக்கயிற்றைப் புதுப்பிப்பர். சிறுவர்கள் சப்பரம் இழுப்பர். கலந்த சாதங்கள் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்வது வழக்கம். திருவரங்கத்தில் ஆடி 28ஆம் பெருக்கு என்னும் வழக்கமும் உண்டு. அப்போது நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரித்தாய்க்குச் சீர் அளிப்பார்.

விழாவின் நாளும் நீரியலும் பொருந்தி வருவது கவனிக்கத்தக்கது. தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளத்தை அடைகிறது; ஜூலையில் வலுப்பெறுகிறது. அணைகள் கட்டப்படுவதற்கு முன் மலைநீர் நேரே சமவெளிக்கு வந்த காலத்தில், ஆற்றின் முதற்பெரும் பெருக்கு ஆகஸ்ட் தொடக்கத்தை ஒட்டி இயல்பாகவே அமைந்திருக்கும். அணைகளுக்குப் பின் அது மடை திறக்கும் முடிவைச் சார்ந்ததாயிற்று.

மலைக்கு அப்பால் இதே மாதம் கர்க்கடகம் எனப்படுகிறது. விடாத மழையால் வேலையும் விளைச்சலும் இன்றி மக்கள் வாடிய மாதம் என்பதால் கேரளத்தில் அதனைப் பஞ்சக் கர்க்கடகம் என்று வழங்கினர். அங்கே பஞ்சம் தந்த மழையே இங்கே பெருக்காக வந்து விழாவாயிற்று.

வறண்ட ஆடிகள்

2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. பாசனத்துக்கான திறப்பு 2012இல் செப்டம்பர் 17 வரையும், 2016இல் செப்டம்பர் 20 வரையும், 2017இல் அக்டோபர் 2 வரையும் பிந்தியது. அதாவது இம்மூன்று ஆண்டுகளிலும் ஆடி கழிந்த பின்னரே பாசன நீர் வந்தது. குறுவை பல இடங்களில் கைவிடப்பட்டது. இத்தகைய ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கென மட்டும் அணையிலிருந்து சிறிதளவு நீர் விடப்படுவதுண்டு. அதுவும் போதாதபோது அம்மா மண்டபத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய்களில் ஏற்றித் தூவல் அமைத்து, பக்தர்கள் நீராட வழி செய்யப்பட்டது. ஆற்றின் படித்துறையில் நின்று குழாய் நீரில் குளித்து ஆற்றுக்கு விழா எடுத்த ஆடிகள் அவை.

பசிபிக் பெருங்கடலின் எல் நினோ நிகழ்வு தென்மேற்குப் பருவமழையைத் தளர்த்தும் போக்குடையது. 2002 ஜூலையில் இந்தியா முழுமைக்குமான மழை இயல்பில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காவிரிச் சிக்கல் அவ்வாண்டு கடுமையாயிற்று. 2023ஆம் எல் நினோ ஆண்டில் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டும், நீர்வரத்துக் குறைவால் அக்டோபரில் மூடப்பட்டது. எனினும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் கூடுதலாகப் பெய்யும் வாய்ப்பு உண்டு. ஆடியில் ஏமாற்றிய ஆண்டே ஐப்பசியில் ஈடு செய்வதும் நிகழ்கிறது.

வெள்ள ஆடிகள்

ஆடி வெள்ளங்களுள் மிகப் பெரியதாகக் கருதப்படுவது 1924 ஜூலையில் ஏற்பட்டது. மேட்டூர் அணை அப்போது இல்லை. கேரளத்தில் இது கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என இன்றும் நினைவுகூரப்படுகிறது. மலையின் இருபுறமும் அழிவை விளைவித்தது ஒரே மழை. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே 1924இல்தான்.

2018இல் மேட்டூர் அணை ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் ஜூலை 23 அன்று முழு உயரத்தை எட்டியது. ஆகஸ்ட் நடுவில், கேரளத்திலும் குடகிலும் பேரழிவு நிகழ்ந்த நாட்களில், மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்கு நீர் வெளியேற்றப்பட்டது. திருவரங்கத்தை வடகரையோடு இணைத்த, 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிட இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. புதிய பாலம் வந்துவிட்டதால் அதில் போக்குவரத்து முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. ஆவணி பிறந்த சில நாட்களில், ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 45 மதகுகளுள் 9 இடிந்து விழுந்தன. தற்காலிகத் தடுப்பு அமைக்கப்பட்டு, பின்னர் அருகில் புதிய கதவணை எழுப்பப்பட்டது. 182 ஆண்டுகள் நின்ற அணை அது.

2022இல் அணை மே 24 அன்றே திறக்கப்பட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மீண்டும் 2 லட்சம் கன அடி அளவிலான வெள்ளம் வந்தது. 2024 இன்னும் விந்தையானது. அவ்வாண்டு நீர் இருப்புப் போதாமையால் ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி அளவில் இருந்த நீர்மட்டம், ஒரு மாதத்துக்குள் 120 அடியைத் தொட்டது (ஜூலை 30). சில வாரங்களுக்கு முன் நீரில்லை என்று வருந்திய கரைகளில், ஆகஸ்ட் தொடக்கத்தில் வெள்ள எச்சரிக்கை விடப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் கொள்ளிட ஆற்றில் உயரழுத்த மின்கோபுரம் ஒன்று வெள்ளத்தில் சாய்ந்தது.

இவ்வெள்ளங்களை நகரின் மற்றொரு வகை வெள்ளத்திலிருந்து பிரித்தறிய வேண்டும். 1977 நவம்பர் புயலின்போதும், 2005ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவத்திலும் நகரை மூழ்கடித்தது உள்ளூர் மழை. கோரையாறு, உய்யக்கொண்டான் வாய்க்கால் முதலியவை பெருக்கெடுத்தன. அப்போது வானமே எச்சரிக்கையாக இருந்தது. ஆடி வெள்ளம் அவ்வாறன்று. வெயில் அடிக்கும், காற்று வீசும், மழைக்குறி எதுவும் இராது. ஆற்றில் குளிப்போரும், மணற்திட்டில் மாடு மேய்ப்போரும், துணி வெளுப்போரும் நீர் உயர்வதைக் கண்ட பின்னரே அறிய நேர்ந்தால் தப்புவது அரிது. ஆடிப்பெருக்கன்று கூட்டம் மிகுவதால் அபாயமும் மிகுகிறது. ஓட்டம் அதிகமான ஆண்டுகளில் குறிப்பிட்ட துறைகள் தவிர மற்ற இடங்களில் இறங்க மாவட்ட நிருவாகம் தடை விதிப்பது இதன் பொருட்டே. திருச்சிராப்பள்ளியில் ஆறு நாளை எப்படி இருக்கும் என்பதை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டியது மடிக்கேரி, வயநாட்டு மழையளவு, கபினி அணையின் வெளியேற்றம், பிலிகுண்டுலு அளவீடு, மேட்டூர்த் திறப்பு ஆகியவற்றையே.

வேளாண்மை

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது உழவர் வழக்கு. இம்மாவட்டத்தில் அது இரு வேறு நிலங்களுக்கு இரு வேறு பொருள் தருகிறது. இலால்குடி, திருவெறும்பூர் முதலிய ஆற்றுப்பாசனப் பகுதிகளில் ஆடி என்பது குறுவை வளர்ந்து நிற்கும், சம்பாவுக்கு நாற்றங்கால் எண்ணத் தொடங்கும் காலம். அங்குத் தேடுவது வாய்க்கால் நீரை. மணப்பாறை, மருங்காபுரி, துறையூர் முதலிய மானாவாரிப் பகுதிகளில் உழவர் எதிர்பார்ப்பது மாலை இடிமழையை. நிலக்கடலை, சோளம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவை அம்மழையை நம்பி விதைக்கப்படுகின்றன. முன்பு கூறிய எதிர்ப்பொருத்தத்தால், வாய்க்கால் உழவருக்கு நல்ல ஆடி மானாவாரி உழவருக்கு வறண்ட ஆடியாக அமைந்துவிடுவதுண்டு.

காற்றால் பெரிதும் துன்புறுவது வாழை. காவிரிக் கரையோரம் பூவன், ரஸ்தாளி, ஏலரிசி, நேந்திரன் முதலியவை பெருமளவில் பயிராகின்றன. தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் திருச்சிராப்பள்ளியிலேயே உள்ளது. வாழையின் தண்டு மரம் அன்று. இலையுறைகள் அடுக்கிச் சுருண்ட பொய்த்தண்டே. குலை தள்ளிய வாழை தலைப்பாரத்தால் எளிதில் முறியும். இலைகள் காற்றில் நாராகக் கிழிந்துபோவதால் இலைக்கென வளர்ப்போருக்கும் இழப்பு. உழவர்கள் சவுக்குக் கழி, மூங்கில் ஆகியவற்றால் முட்டுக் கொடுத்தும், வயலின் மேற்கு ஓரத்தில் அகத்தி வைத்தும் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றனர். ஆடியின் மேலைக்காற்று ஆகஸ்ட் இறுதியிலிருந்து தளரத் தொடங்கி, செப்டம்பரில் மாலை மழைக்கு வழிவிடுகிறது.